கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கறது கொஞ்சம் எங்க பசங்க கைக்கும் வரட்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மே 18 உலக அருங்காட்சியக தினம். 1977-லேர்ந்து கொண்டாடறாங்க. அன்னிக்கு மியூசியத்துல விளக்கேத்துவாங்க, ஓவியப் போட்டி நடக்கும், மறுநாள் பேப்பர்ல போட்டோ வரும். எல்லாம் சரிங்க, ஆனா மே 18 அன்னிக்கு எந்த ஸ்கூல் திறந்திருக்கு? எங்க பசங்க எல்லாம் ஆயா வீட்டுல மாங்கா அடிச்சிட்டு இருப்பாங்க. சரி அதை விடுங்க, நவம்பர் 19-லேர்ந்து 25 வரைக்கும் உலக பாரம்பரிய வாரம்னு ஒண்ணு வருது, அது நம்ம கடலூருக்கு மழை லீவு வாரம், கலெக்டர் லீவு விட்டாரா இல்லையான்னு காலைல 6 மணிக்கே டிவி முன்னாடி உக்காந்திருக்கற நேரம். ஆக மொத்தம் மியூசியத்துக்கும் ஸ்கூலுக்கும் ஜாதகப் பொருத்தமே இல்ல போலருக்கு.

நான் கடலூர்ல 7-ம் வகுப்புக்கும் 8-ம் வகுப்புக்கும் சமூக அறிவியல் எடுக்கறேன், 19 வருஷம் ஆச்சு. மியூசியத்து சாமான் கொஞ்சத்தை ஸ்கூலுக்கு இரவல் குடுக்கணும்னு கேட்டு இந்த லெட்டரை ஒரு மாசமா மனசுலயே எழுதிட்டு இருந்தேன், இன்னிக்கு பேப்பர் திருத்தற வேலை முடிஞ்சதும் உக்காந்துட்டேன், நீளமா போனா மன்னிக்கணும்.

ரெண்டு வருஷம் முன்னாடி 56 பசங்களை ஒரு மியூசியத்துக்கு கூட்டிட்டு போனோம். எந்த மியூசியம்னு சொல்லல, சொன்னா அடுத்த தடவை கேட்டையே திறக்க மாட்டாங்க. பர்மிஷன் லெட்டர் மூணு டேபிள் ஏறி இறங்கிச்சு, பஸ்ஸுக்கு தலைக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணோம், குடுக்க முடியாத புள்ளைங்களுக்கு ஸ்டாஃப் ரூம்லயே போட்டுக்கிட்டோம். உள்ள போய் வெளிய வர 25 நிமிஷம். தொடாத, சாயாத, ஓடாத, பேசாத, இந்த நாலு வார்த்தைதான் அன்னிக்கு அதிகமா கேட்டது. அங்க நின்ன வாட்ச்மேன் அண்ணனை நான் குத்தம் சொல்ல மாட்டேன், ஒரு சில்லு உடைஞ்சாலும் பதில் சொல்ல வேண்டியது அவருதான். பசங்க கிட்ட குறிப்பு எடுங்கடான்னு சொல்லியிருந்தேன். மறுநாள் நோட்டை வாங்கிப் பார்த்தா 56 நோட்லயும் ஒரே வரி, "சுடுமண் பானை ஓடு, காலம் கி.பி. 1-ம் நூற்றாண்டு". ஒரு புள்ள மட்டும் கூடவே "கைப்பைகளை உள்ளே எடுத்துச் செல்லக் கூடாது"ன்னு அந்த போர்டையும் சேர்த்து அழகா எழுதி அடிக்கோடு போட்டிருந்தா. என்ன பாத்தீங்கன்னு கேட்டேன். ஐஸ்கிரீம் சாப்பிட்டோம் மிஸ்னு சொன்னாங்க.

எனக்கு அது ரொம்ப உறுத்திச்சு, ஏன்னா நான் பொறந்ததுலேர்ந்து இந்த மாதிரி சாமானோட வளர்ந்தவ. எங்க ஆயா வீடு பாண்டி பக்கத்துல வீராம்பட்டினம். அங்கேர்ந்து தோப்பு வழியா நடந்தா காக்காயந்தோப்பு, அதான் அரிக்கமேடு. ஆத்தங்கரை ஓரம் பனைமரம், மாமரம், பழைய செங்கல் தூணு, அவ்வளவுதான் அப்ப எங்களுக்கு தெரிஞ்சது. நல்ல மழை பெஞ்சு விட்டா போதும், மண்ணு கரைஞ்சு குட்டி குட்டியா கண்ணாடி மணி மேல வந்து நிக்கும், செவப்பு, பச்சை, கறுப்பு, நீலம்னு. நாங்க அதை மணி பொறுக்கப் போறோம்னுதான் சொல்லுவோம். பொறுக்கி ஊசில கோத்து பொம்மைக்கு போடுவோம், பாதி தொலைஞ்சிடும். 2000 வருஷத்து சாமான்னு யாரும் சொல்லல, சொல்லியிருந்தா மட்டும் என்ன, பல்லாங்குழி ஆட புளியங்கொட்டைக்குப் பதிலா வசதியா இருந்துச்சு.

அப்புறம் டீச்சர் ட்ரெய்னிங் படிக்கும்போதுதான் விஷயமே தெரிஞ்சது, அது 2000 வருஷத்துக்கு முன்னாடி ரோமாபுரியோட வாணிபம் நடந்த துறைமுகம்னு. அரிக்கமேட்டை உலகத்துக்கு காட்டிக் குடுத்ததே எங்கள மாதிரி மணி பொறுக்கற பசங்கதான். 1937-ல ழூவோ துப்ரேய்ங்கற பிரெஞ்சுக்காரர், பாண்டியில வாத்தியார், ஊர்ப் பசங்க கிட்டேர்ந்து கல்லும் மணியும் வாங்கிட்டு இருந்தவரு, அதோட வந்த ஒரு கல்லுல மனுஷ முகம் செதுக்கி இருக்கறதைப் பார்த்துட்டு இது ரோமாபுரி சக்கரவர்த்தி அகஸ்டஸ் முகம்னு சொன்னாரு. அதுக்கப்புறம்தான் 1945-ல வீலர்ங்கற இங்கிலீஷ் தொல்லியல் அறிஞர் வந்து தோண்டினாரு, 1947-லேர்ந்து 1950 வரைக்கும் கசால் தோண்டினாரு, 1989-லேர்ந்து 1992 வரைக்கும் விமலா பெக்லி மறுபடி தோண்டினாங்க. முதல்ல கண்டெடுத்தது பசங்க கை, இன்னிக்கு அதே பசங்களோட பேரன் பேத்திங்க கண்ணாடிக்கு வெளிய நின்னு "தொடாத"ன்னு கேட்டுட்டு வர்றாங்க, இது என்ன நியாயம்.

போன வருஷம் 7-ம் வகுப்புல கடல் வாணிபம் பாடம் வந்துச்சு. புத்தகத்துல அரிக்கமேடு கொஞ்ச வரி. நான் ஒரு காரியம் பண்ணேன். எங்க அத்தை கிட்ட அந்தக் காலத்து மணி ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்துச்சு, சுருக்குப் பையில பாக்கோட பாக்கா கெடந்தது. இதை எல்லாம் வீட்டுல வச்சிருக்கக் கூடாது அத்தை, மியூசியத்துல குடுத்துடணும்னு சொன்னேன், அத்தை என்னை முறைச்ச முறை இருக்கே. கடைசில ஒரு நாளைக்கு மட்டும் இரவல் குடுத்தாங்க. சயின்ஸ் லேப்லேர்ந்து ஒரு லென்ஸை வாங்கிக்கிட்டு கிளாசுக்குப் போனேன். 52 பசங்க, ஒரே ஒரு மணி. வெள்ளைத் துணி விரிச்சு ஒவ்வொரு பெஞ்சா அனுப்பினேன். என் 19 வருஷ சர்வீஸ்ல அந்த கிளாஸ் அவ்வளவு அமைதியா இருந்து நான் பார்த்ததில்ல.

கடைசி பெஞ்சுல தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருத்தன், பரிச்சைல 20 தாண்ட மாட்டான். அவன் மட்டும் மணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு லென்ஸ் வச்சு ரொம்ப நேரம் பார்த்தான். "மிஸ், உள்ள குமிழி இருக்கு." சரிடா. "குமிழி உருண்டையா இல்ல மிஸ், நீட்டமா இருக்கு, ஓட்டை போற பக்கமாவே எல்லாம் நீட்டிக்கிட்டு இருக்கு." அப்போ என்னடா அர்த்தம்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு சொன்னான், "இதை உருட்டி செய்யல மிஸ், இழுத்திருக்காங்க, குழாய் மாதிரி நீட்டமா இழுத்துட்டு அப்புறம் துண்டு துண்டா வெட்டியிருக்காங்க." எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சுங்க. நெஜமாவே அப்படித்தான் செஞ்சாங்க, சூட்டுல இளகின கண்ணாடிய குழாயா இழுத்து, நறுக்கி, மறுபடி சூடு காட்டி ஓரத்தை மழுக்குவாங்க, ஆந்திராவுல பாப்பாநாயுடுபேட்டைங்கற ஊர்ல சமீப காலம் வரைக்கும் இதே முறைதான். ஆராய்ச்சி பண்றவங்க இந்தக் குமிழியைப் பார்த்துதான் இழுத்த மணியா சுத்தின மணியான்னு பிரிக்கறாங்க. அது எங்க பையனுக்கு தெரியாது, அவன் கண்ணு சொல்லிச்சு, வலை பின்ற வீட்டுப் புள்ள, கை வேலை எப்படின்னு பார்த்தா புரிஞ்சிடுது. அன்னிக்கு அவனுக்கு நான் போட்ட மார்க்குக்கு எந்த ரெஜிஸ்டர்லயும் கட்டம் கிடையாது.

ஒரே ஒரு மணிக்கு இவ்வளவு. அப்போ மியூசியத்துல இருக்கறதுல கொஞ்சம் வந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்ல. ஒரு பெட்டி, ட்ரங்கு பெட்டி சைஸ். அதுல பத்து பதினஞ்சு பொருள். மியூசியம் ஸ்கூலுக்கு ரெண்டு வாரம் இரவல் குடுக்கணும், நாங்க கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு, பாடம் நடத்திட்டு, எண்ணித் திருப்பிக் குடுக்கணும். லைப்ரரி புத்தகம் மாதிரி. இது என் மூளைல உதிச்சதுன்னு நெனைக்காதீங்க, இங்கிலாந்துல லிவர்பூல் மியூசியம் 1884-லயே பெட்டில சாமான் போட்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா அனுப்ப ஆரம்பிச்சிடுச்சு. நம்ம நாட்டுலயும் கல்கத்தா பிர்லா மியூசியம் 1965-ல வண்டில அறிவியல் கண்காட்சியை ஏத்திக்கிட்டு ஊர் ஊரா கிளம்பிச்சு, மும்பை சத்ரபதி சிவாஜி மியூசியம் 2015-லேர்ந்து ஒரு பஸ்ஸையே மியூசியமா மாத்தி ஓட்டிட்டு இருக்கு. நம்ம பக்கம் பஸ் எல்லாம் வேண்டாம், ஒரு ஷேர் ஆட்டோ போதும்.

ஒரிஜினலை எப்படிம்மா குடுக்க முடியும், சட்டம் இருக்குல்லன்னு கேப்பாங்க. தெரியும், 1972-ல வந்த தொல்பொருள் சட்டம், 100 வருஷத்துக்கு மேல போனாலே அது தொல்பொருள். நான் சோழர் காலத்து சிலையையா கேக்கறேன்? எந்த அகழாய்வுலயும் பானை ஓடு ஆயிரக்கணக்குல வரும், ஷோகேஸ்ல வைக்கறது கையளவு, மத்தது எல்லாம் நம்பர் போட்டு உள்ள கெடக்கும். படிச்சு, படம் எடுத்து, பதிவு பண்ணி முடிச்ச சாதாரண ஓடு ரெண்டு மூணு குடுங்க. அதுக்கும் மனசு வரலைன்னா நகல் குடுங்க. நகல் செய்ய வெளிநாட்டுக்கா போகணும்? வில்லியனூர் இருக்கு. அங்க சுடுமண் வேலைக்கு புவிசார் குறியீடே இருக்கு. அந்தக் கைக்கு ஒரு மாதிரியைக் காட்டினா போதும்.

உதாரணத்துக்கு அரிக்கமேட்டுல கெடைச்ச ரூலெட்டட் ஓடு, அதாவது தட்டோட உள் அடிப்பக்கம் வட்ட வட்டமா பொடிப் பொடிப் புள்ளியா கோடு போட்டிருக்குமே அது. படத்துல பார்த்தா ஒண்ணும் தெரியாது, கறுப்பா ஒரு தட்டு. கையில வாங்கி விரலை ஓட்டினாதான் அந்தப் பல்லு பல்லா இருக்கறது தெரியும், சக்கரம் சுத்தும்போதே ஏதோ ஒரு தகட்டை வச்சு படபடன்னு அதிர விட்டிருக்கான்னு புரியும். இதுல ஒரு கதையும் இருக்கு, வீலர் இது மேல்நாட்டுலேர்ந்து கப்பல்ல வந்ததுன்னு நெனச்சாரு, பின்னாடி மண்ணை லேப்ல வச்சு சோதிச்சவங்க இல்லைங்க, இது இந்தியாவுல சுட்டதுதான்னு சொல்லிட்டாங்க. வரலாறுன்னா மனப்பாடம் இல்ல, பெரிய ஆளு சொன்னதையே அப்புறம் திருத்தறாங்கன்னு 12 வயசுலயே ஒரு புள்ள தெரிஞ்சுக்கறதுக்கு இதை விட என்ன வேணும்.

அதே மாதிரி ரோமாபுரிக் கப்பல் சாமானான ஆம்போரா ஜாடி. அடி கூம்பா இருக்கும், தரையில நிக்காது. நகலை கிளாஸ்ல குடுத்து நிக்க வைங்கடான்னு சொல்லிட்டா போதும், பத்து நிமிஷம் அவங்களே போராடிட்டு இது ஏன் மிஸ் இப்படின்னு வருவாங்க. கப்பலோட அடில வரிசை வரிசையா சாய்ச்சு, ஒண்ணோட கழுத்து சந்துல இன்னொண்ணோட அடியைச் சொருகி அடுக்கறதுக்குன்னு அப்புறம் சொன்னா ஜென்மத்துக்கும் மறக்காது. அதுல வந்தது ஒயின், ஆலிவ் எண்ணெய், அப்புறம் மீனை உப்புல ஊற வச்சு எடுத்த ஒரு குழம்பு. மீன் சமாச்சாரம்னதும் எங்க பசங்க விட மாட்டாங்க, ரோமாபுரிக்காரனுக்கும் கருவாடு பிடிக்குமான்னு கேப்பாங்க, கேக்கட்டும்.

ஒரு சங்கடம் இருக்கு, அரிக்கமேடு பாண்டி கணக்கு, நாங்க தமிழ்நாடு கணக்கு. எங்க ஸ்கூல்லேர்ந்து 20 கிலோமீட்டர் சொச்சம், ஆனா ரெண்டு அரசாங்கம். ஆல்பேட்டை செக்போஸ்ட்டுல பாட்டிலைத்தான் பிடிப்பாங்க, பானை ஓட்டைப் பிடிக்க மாட்டாங்கன்னு நம்பறேன். ரெண்டு பக்கத்து அதிகாரிங்களும் ஒரு நாள் உக்காந்து டீ குடிச்சா தீர்ற விஷயம் இது. கடலூருக்கும் ஒரு அரசு அருங்காட்சியகம் இருக்கே, பெட்டியை அவங்க மூலமா அனுப்பட்டுமே.

நம்ம பக்கத்து சாமானும் கொறைச்சல் இல்ல. 1690-ல செயிண்ட் டேவிட் கோட்டையை இங்கிலீஷ்காரன் வாங்கினப்போ, கோட்டை மேலேர்ந்து பீரங்கியால நாலு பக்கமும் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரைக்கும் இருந்த ஊரெல்லாம் எங்களோடதுன்னு எடுத்துக்கிட்டான், குண்டு கிராமம்னே அதுங்களுக்கு பேரு ஆச்சு. இரும்பு குண்டு ஒண்ணோட நகலும் ஒரு பழைய மேப்போட ஜெராக்ஸும் பெட்டில இருந்தா போதும், கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டு காம்பஸை வச்சு வட்டம் போடச் சொல்லலாம், யார் யார் வீடு வட்டத்துக்குள்ள வருதுன்னு பார்க்கலாம். ஆரம், விட்டம் எல்லாம் அன்னிக்குத்தான் நெஜமாவே புரியும்.

கணக்குன்னதும் ஞாபகம் வருது, நான் ஒரு தடவை எங்க வீட்டு மரக்கா, படி, உழக்கு, ஆழாக்கு எல்லாத்தையும் பையில போட்டு எடுத்துட்டுப் போய் பின்னம் நடத்தற டீச்சருக்கு குடுத்தேன். 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கா, 12 மரக்கா ஒரு கலம். அரிசிய கொட்டி அளந்து பார்த்துட்டு, அரைக்கால்னா எட்டுல ஒண்ணுன்னு, பன்னெண்டு வருஷமா வாய்ப்பாடு வராத புள்ள சொல்லிச்சு. கொட்டின அரிசியைக் கூட்டி அள்றதுக்குத்தான் ஒரு பீரியட் ஆச்சு, அது தனி.

சயின்ஸ்காரங்களுக்கு திருவக்கரை கல்மரம். சுமார் 2 கோடி வருஷத்து மரம், அப்படியே கல்லா கெடக்கு, தட்டினா கணீர்னு சத்தம் வரும், ஆனா பார்த்தா மர நாரும் ஓட்டமும் தெளிவாத் தெரியும். அந்த மரத்துக்கு எல்லாம் வேரும் கிடையாது கிளையும் கிடையாது, ஏன்னா அங்கயே வளர்ந்தது இல்ல, வெள்ளம் அடிச்சுட்டு வந்து மணல்ல பொதைச்சது, அப்புறம் மணல் வழியா ஊறின தண்ணில இருந்த சிலிக்கா மரத்துக்குள்ள ஏறி இடம் பிடிச்சுக்கிச்சு. அது பொதைஞ்ச பாறைக்கு புவியியல்காரங்க வச்சிருக்கற பேரே கடலூர் மணற்பாறை. நம்ம ஊர் பேருல உலகத்துல ஒரு பாறை இருக்கு, எங்க ஸ்கூல்ல ஒரு புள்ளைக்கும் தெரியாது, உண்மையைச் சொன்னா எனக்கே 40 வயசுக்கு மேலதான் தெரிஞ்சது. அங்கேர்ந்து யாரும் துண்டு எடுத்துட்டு வரக் கூடாது, அது சரிதான், அதனாலதான் துறையே முறையா ஒரு துண்டை பெட்டில வச்சு அனுப்பணும்னு கேக்கறேன்.

இன்னும் ஒண்ணு சொல்லிடறேன், சொல்லலைன்னா தூக்கம் வராது. பாகூர் செப்பேடு. 9-ம் நூற்றாண்டு, பல்லவன் நிருபதுங்கவர்மன் காலம். பாகூர்ல இருந்த ஒரு கல்விச்சாலைக்கு, வித்யாஸ்தானம்னு அதுல எழுதியிருக்கு, 3 ஊரோட வருமானத்தை எழுதி வச்ச செப்பேடு. நாங்க சாக்பீஸுக்கே அலையறோம், அப்ப ஒரு பள்ளிக்கூடத்துக்கு 3 ஊரு. செப்பேடு இப்ப எங்க இருக்கு தெரியுமா, பாரீஸ் தேசிய நூலகத்துல. போனது போகட்டும், செப்புத் தகட்டுல ஒரு நகல் செஞ்சு அனுப்பறதுக்கு என்ன கேடு? பக்கத்துலயே திருபுவனை, 1048-ல ராஜாதிராஜன் காலத்து கல்வெட்டு, 260 மாணவர், 12 வாத்தியார்னு கணக்கு. வகுத்துப் பாருங்க, ஒரு வாத்தியாருக்கு 22 பேரு கூட முழுசா வரல. என் கிளாஸ்ல 52. வேதமும் சாஸ்திரமும் படிச்ச கூட்டம் அது, எல்லா வீட்டுப் புள்ளையும் அங்க உக்கார முடியாது, அதையும் சேர்த்துத்தான் நான் கிளாஸ்ல சொல்வேன். ஆனாலும் அந்தக் கல்வெட்டோட மைப்படி, அதாவது கல்லு மேல தாளை ஒட்டி மை ஒத்தி எடுக்கற படி, ஒண்ணை சுவத்துல ஒட்டி வச்சா, இன்ஸ்பெக்ஷன் வர்றவங்களும் படிச்சுட்டுப் போகட்டும்.

ஸ்மார்ட் போர்டுல எல்லாத்தையும் காட்டலாமே மிஸ்னு எங்க ஸ்கூல்லயே சின்னப் புள்ள டீச்சர் ஒருத்தங்க கேட்டாங்க. காட்டலாம்மா, ஆனா போர்டுல வர்ற மணி பூசணிக்கா சைஸ்ல இருக்கும், எது எவ்வளவு கனம், எது சில்லுன்னு இருக்கும், எதுல மண்ணு வாசம் வரும்னு போர்டு சொல்லாது. கண்ணு தெரியாத புள்ளைங்க விஷயத்தை யோசிங்க, டில்லி தேசிய அருங்காட்சியகத்துல தொட்டுப் பார்க்கறதுக்குன்னே நகல் வச்சு 2015-ல ஒரு கூடம் திறந்திருக்காங்க. நம்ம புள்ளைங்க டில்லிக்குப் போக முடியுமா.

பெட்டி மட்டும் வந்து பிரயோஜனம் இல்லைங்கறதையும் ஒத்துக்கறேன். எங்களுக்கு அரை நாள் சொல்லித் தரணும், எதை எப்படி பிடிக்கணும், எதுல என்ன பார்க்கணும்னு. அதுக்கு பவர்பாயிண்ட் போட்டு மதியம் வரைக்கும் பேசற ட்ரெய்னிங் தயவு செஞ்சு வேண்டாம், அதுக்குப் போய்ப் போய் எங்களுக்கு முதுகு வலிதான் மிச்சம். மியூசியத்துல வேலை செய்யற ஒருத்தரு வந்து டேபிள்ல சாமானைப் பரப்பி வச்சு எங்க கையில குடுத்தாப் போதும். உடைஞ்சா யாரு பொறுப்புங்கறதை முதல்லயே எழுதிடணும், அது எழுதலைன்னா எந்த ஹெச்.எம்.மும் பெட்டியைத் திறக்க விட மாட்டாங்க, ட்ரங்கு பெட்டி பீரோ மேல ஏறி தூசி குடிச்சுட்டு கெடக்கும், லேப் சாமானுக்கு நடந்த கதைதான் இதுக்கும்.

இந்த லெட்டரை சம்பந்தப்பட்டவங்க யாராவது படிச்சா அவங்களுக்கு ஒரு தகவல். எங்க ஸ்டாஃப் ரூம்ல பூட்டு போட்ட இரும்பு பீரோ ஒண்ணு இருக்கு, கீழ்த்தட்டை காலி பண்ணி வச்சுட்டேன். வியாழக்கிழமை கடைசி ரெண்டு பீரியட் என்னோடது. பெட்டி வந்தா ரசீதுல நானே கையெழுத்துப் போடறேன், சாவி எங்கிட்டதான் இருக்கு.

இப்படிக்கு,
ஒரு சமூக அறிவியல் டீச்சர்,
கடலூர்.